கரிகாலன் ஏன் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுறான்?

போன இதழ்ல 'கல்கியோட பொன்னியின் செல்வன் நாவல்ல உங்களுக்குச் சுத்தமா பிடிக்காத கேரக்டர் யாரு'ன்னு கேட்டிருந்தோம். நந்தினி பேரு மூட்டை மூட்டையா வரும், இல்லாட்டி சதிகாரன் ரவிதாஸன் பேரு வரும்னுதான் ஆபீஸ்ல எல்லாரும் நெனச்சோம். வந்தது சுந்தர சோழரோட மூத்த பையன், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் பேரு! திட்டித் தீர்த்திருக்கீங்க, சில பேரு நாலு பக்கத்துக்குத் திட்டியிருக்கீங்க. சரி, இந்தத் தடவை முழுசும் அவனுக்கே ஒதுக்கிட்டோம். கதையை இன்னும் படிக்காதவங்க இதோட நிறுத்திக்கங்க, முடிவு வரைக்கும் பேசப்போறோம்.

கேள்வி: அக்கா, நான் இப்பத்தான் அஞ்சு பாகமும் படிச்சு முடிச்சேன். கரிகாலனைப் பாத்தாலே எரிச்சலா வருது. வயசான மனுஷன் கல்யாணம் பண்ணிக்கிட்டாருன்னு கேலி பண்றான், விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுலயே உக்காந்துக்கிட்டு அந்த வீட்டுக்காரரைக் குத்திக் குத்திப் பேசுறான், கூட இருக்கிற ஃப்ரெண்டையும் விட மாட்டேங்கிறான். இவனைப் போய் மாவீரன்னு கொண்டாடுறாங்களே? — ஒரு வாசகி, மதுரை

நீங்க சொல்றது எல்லாமே புக்ல இருக்குங்க, ஒண்ணையும் மறுக்க முடியாது. சம்புவரையரோட கடம்பூர் மாளிகைக்கு வந்து இறங்கினதுல இருந்து அவன் பேசுற ஒவ்வொரு வாக்கியத்துலயும் ஒரு முள்ளு இருக்கும். சம்புவரையருக்குக் கை நடுங்கும், சோழ நாட்டுத் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையருக்கு மீசை துடிக்கும், சம்புவரையர் மகன் கந்தமாறன் மூஞ்சி தொங்கிப் போகும். அந்த இடத்துல நமக்கே 'ஏம்ப்பா இப்படிப் பண்றே'ன்னு இருக்கும்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, முதல் பாகத்தோட கடைசிப் பகுதி வரைக்கும் இந்த ஆளு நேர்ல வரவே மாட்டான். அதுவரைக்கும் மத்தவங்க வாயாலதான் அவனைப் பத்திக் கேக்குறோம், முரடன், கோபக்காரன், ராஜ்யம் ஆளத் தகுதி இல்லாதவன்னு. அதையெல்லாம் சொல்றது யாரு? அவனுக்குப் பதிலா அவனோட சித்தப்பா முறை மதுராந்தகனுக்குப் பட்டம் கட்டணும்னு ராத்திரியில கூட்டம் போட்டுப் பேசுறவங்க. நாம அவனைப் பாக்குறதுக்கு முன்னாடியே ஒரு முடிவுக்கு வந்துடுறோம், கல்கி வேணும்னேதான் அப்படி வெச்சிருக்கார்னு நான் நினைக்கிறேன்.

அப்புறம் மாமல்லபுரத்துல அவன் முதல் தடவை வர்றான். தாத்தா திருக்கோவலூர் மலையமானும் ஃப்ரெண்டு பார்த்திபேந்திர பல்லவனும் கூட இருக்காங்க. அங்கதான் நீங்க சொல்ற அந்தக் கிழவன் கல்யாணக் கேலி வருது. பெரிய பழுவேட்டரையர் அறுபதைத் தாண்டினவரு, போர்ல வாங்கின 64 விழுப்புண் உடம்புல இருக்கு, அவரு இந்த வயசுல ஒரு சின்னப் பொண்ணைக் கட்டிக்கிட்டாருன்னு சிரிக்கிறான். படிக்கும்போது நமக்கும் திமிர் பிடிச்ச பையன்னுதான் தோணும். கொஞ்ச நேரம் கழிச்சு பார்த்திபேந்திரன்கிட்ட மனசைத் திறந்து பேசுறான் பாருங்க, அப்பத்தான் அந்தக் கல்யாணப் பொண்ணு நந்தினி அவனுக்கு யாருன்னு நமக்குத் தெரியவரும். அது தெரிஞ்சதுக்கு அப்புறம் திரும்பிப் போய் அந்தக் கேலியைப் படிச்சுப் பாருங்க, சிரிக்கவே முடியாது.

சின்ன வயசுல பழையாறையில அவனுக்கு நந்தினியைப் பிடிச்சிருந்தது. அர்ச்சகர் வீட்டுல வளந்த பொண்ணு, அரண்மனைப் பிள்ளைக்கு ஒத்து வராதுன்னு பெரியவங்க சேந்து அதைப் பிரிச்சு விட்டுட்டாங்க. அப்புறம் அவன் போருக்குப் போறான், பாண்டிய ராஜா வீரபாண்டியன் தோத்து ஓடி ஒளியிறான். தேடிக்கிட்டுப் போனா ஒரு குடிசையில காயம்பட்டுக் கிடக்கிறான், பக்கத்துல நந்தினி. அவரை விட்டுடுங்கன்னு கெஞ்சுறா, கால்ல விழுறா. இவனுக்குக் கோபம் கண்ணை மறைக்குது. எதிரி மேல இருக்கிற கோபம் மட்டும் இல்ல, தான் ஆசைப்பட்டவ இன்னொருத்தன் உயிருக்காகத் தன் கால்ல விழுறாளேங்கிற கோபமும் சேந்துக்கிட்டது. அவளைத் தள்ளிட்டு வெட்டிடுறான்.

அன்னைக்கு வெட்டினதுல இருந்து அவனுக்கு நிம்மதி போச்சு. அவ பாத்த பார்வை கண்ணை விட்டுப் போகலன்னு அவனே சொல்றான். நாடே 'வீரபாண்டியன் தலையைக் கொண்டவன்'னு அவனைப் புகழுது, புகழுற ஒவ்வொரு தடவையும் அவனுக்கு அந்தக் குடிசைதான் ஞாபகம் வரும். அவனோட கடுமைக்கெல்லாம் வேரு அதுதான். மத்த கதைகள்ல யாரோ ஒருத்தர் செஞ்ச கொடுமையால மனுஷங்க கெட்டுப் போவாங்க, இவன் தான் செஞ்ச ஒண்ணாலயே கெட்டுப் போனவன். யார் மேல கோபப்படணுமோ அந்த ஆளு அவனேதான், அதான் பக்கத்துல இருக்கிறவங்க மேலயெல்லாம் தெறிக்குது.

இதைப் படிச்சுட்டும் உங்களுக்குப் பிடிக்கலன்னா பரவாயில்ல. பிடிச்சே ஆகணும்னு சட்டமா இருக்கு?

கேள்வி: மேடம், எப்பப் பாத்தாலும் ஆம்பளைக்கு மட்டும் 'பாவம் அவன் மனசு காயப்பட்டிருக்கு'ன்னு ஆரம்பிச்சுடுறீங்க. கண்ணு முன்னாடி தலை வெட்டப்பட்டதைப் பாத்தது நந்தினி. உண்மையான பாதிப்பு அவளுக்குத்தானே? அவ மட்டும் மாய மோகினி, நாகப்பாம்பு, இவன் மட்டும் பாவப்பட்டவனா? — ஒரு வாசகி, கோயம்புத்தூர்

இந்த லெட்டரைப் படிச்சதும் சந்தோஷமா இருந்தது, நியாயமான கோபம். முதல்ல அதை ஒத்துக்கிட்டே ஆரம்பிக்கிறேன், அந்தக் குடிசையில அநியாயம் நடந்தது நந்தினிக்கு, செஞ்சது கரிகாலன். இதுல ரெண்டு பேரையும் சமமா வெச்சு 'ரெண்டு பேருமே பாவம்'னு முடிச்சுட்டா அது நந்தினிக்கு ரெண்டாவது தடவை செய்யிற அநியாயம்.

பொறந்ததுல இருந்தே அவளுக்கு எதுவும் சொந்தமா கிடைக்கல. அம்மா யாருன்னு தெரியாது, அப்பா யாருங்கிறது கடைசி வரைக்கும் குழப்பம், வீரபாண்டியன் காதலனா அப்பனாங்கிறதையே கல்கி பாகத்துக்கு ஒரு மாதிரி திருப்பிக்கிட்டே போறார். அரண்மனைக்குள்ள வரக்கூடாதுன்னு விரட்டினாங்க, கடைசியில ஒரு கிழவரோட பல்லக்குல ஏறித்தான் உள்ள வர முடிஞ்சது. நீங்க சொல்ற பாம்பு, மோகினி எல்லாம் இருக்கே, அதுல பாதி அவளைப் பாத்து மயங்கின ஆம்பளைங்க சொல்றது. தான் மயங்கினதுக்கு அவளைப் பாம்புன்னு சொன்னா எப்படி?

ஒரு விஷயம் சொல்லட்டுமா, கரிகாலன் தன் கதையெல்லாம் கொட்டித் தீர்த்தது பார்த்திபேந்திரன்கிட்ட. எல்லாத்தையும் காது குளிரக் கேட்டுட்டு, நந்தினி எவ்வளவு ஆபத்துன்னு தலையாட்டிட்டு, அதே பார்த்திபேந்திரன் அப்புறம் போய் அவகிட்டயே விழுந்துட்டான். எனக்கு அந்த இடத்துல சிரிப்பு வந்துடும்.

ஆனா ரெண்டு பேரோட காயமும் ஒரே மாதிரி இல்லங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. நந்தினியோட வலிக்குப் போக ஒரு பாதை இருக்கு. மீன் சின்னம் போட்ட வாள் இருக்கு, சபதம் இருக்கு, கூட ரவிதாஸன் கூட்டம் இருக்கு, யாரைப் பழிவாங்கணும்னு தெளிவா தெரியும், காலையில எழுந்தா செய்யிறதுக்கு வேலை இருக்கு. கரிகாலனுக்கு அது கிடையாது. அவன் யாரைப் பழிவாங்குவான்? ஊரே பாராட்டுற ஒரு காரியத்துக்கு மன்னிப்புன்னு போய் யார்கிட்ட கேப்பான்? கேட்டாலும் 'எதிரி ராஜாவைக் கொன்னதுக்கா அழுவுற'ன்னுதான் சொல்லியிருப்பாங்க.

அதுக்காக அவன் செஞ்சது குறைஞ்சிடுமான்னா குறையாது. அவனே அதைக் குறைக்கச் சொல்லல, அது ஒண்ணுதான் அவன்கிட்ட எனக்குப் பிடிச்சது.

கேள்வி: நந்தினி நிஜமாவே வாழ்ந்தவங்களா? — திண்டிவனம்

இல்ல. கல்கியோட கற்பனை. பழுவேட்டரையர்கள் நிஜம், கரிகாலனோட ஓலையைக் கொண்டு போற வந்தியத்தேவன் நிஜம், கரிகாலனோட தங்கச்சி குந்தவை நிஜம், ரவிதாஸன்கூட நிஜம்.

கேள்வி: வரலாற்றுல வர்ற ஆதித்த கரிகாலனும் இப்படி மனசு உடைஞ்ச ஆளுதானா? அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா, இல்ல எல்லாமே கல்கி கட்டினதா? நான் ஹிஸ்டரி டீச்சர், பசங்க கேக்குறாங்க. — கும்பகோணம்

டீச்சர், மனசு உடைஞ்சதுக்குக் கல்வெட்டுல ஆதாரம் எங்க இருக்கப் போகுது, கல்வெட்டுல நிலம், நெல்லு, ஆடு, விளக்கு, பட்டப்பேரு இதுதானே இருக்கும். ஆனா அந்தப் பட்டப்பேருலதான் விஷயமே இருக்கு.

ஆதித்தனோட கல்வெட்டுகள் அவனை 'வீரபாண்டியன் தலை கொண்ட கோப்பரகேசரி'ன்னு சொல்லுது (கோப்பரகேசரிங்கிறது சோழ ராஜாக்கள் வெச்சுக்கிட்ட பட்டம்). ராஜ்யத்துல எவன் படிச்சாலும் முதல்ல கண்ணுல படுற பெருமை அது. ஆனைமங்கலச் செப்பேடு, அதான் லெய்டன் செப்பேடுன்னு சொல்வாங்களே, அதுல அவன் பையனா இருக்கும்போதே வீரபாண்டியனோட போர்ல விளையாடினான், மதயானையோட சிங்கக்குட்டி விளையாடின மாதிரின்னு வருது. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு இன்னும் ஒரு படி மேல போய், பாண்டியனோட தலையையே தன் ஊர்ல வெற்றித்தூணா நிறுத்தினான்னு புகழுது. இன்னொண்ணும் பசங்ககிட்ட சொல்லுங்க, அந்த வீரபாண்டியனும் லேசுப்பட்ட ஆளில்ல, அவனோட கல்வெட்டுகள்ல அவன் பேரு 'சோழன் தலை கொண்ட வீரபாண்டியன்'. ரெண்டு பக்கமும் தலையெடுக்கிறதை பேருக்கு முன்னாடி போட்டுக்கிட்ட காலம். அது நிஜமாவே வெட்டினதா, இல்ல தோக்கடிச்சதைச் சொல்ற வழக்கமான்னு ஆய்வாளர்கள் பேசிக்கிட்டுதான் இருக்காங்க.

இப்ப கல்கி என்ன பண்ணியிருக்கார்னு பாருங்க. கல்லுல ஒரு பட்டமா, கெத்தா நின்ன ஒரு விஷயத்தை எடுத்து, அந்த வெட்டு விழுந்த நேரத்துல பக்கத்துல யாராவது அழுதுக்கிட்டு இருந்திருப்பாங்களேன்னு யோசிச்சிருக்கார். அழுத ஆளுக்கு நந்தினின்னு பேரு வெச்சார். வெட்டினவனுக்குத் தூக்கம் வராதபடி பண்ணிட்டார். ஆயிரம் வருஷமா பெருமையா இருந்தது அஞ்சு பாகத்துல காயமா மாறிடுச்சு, எனக்குத் தெரிஞ்சு அந்த நாவல்ல அவர் பண்ணின பெரிய வேலை அதுதான், குதிரை, சுரங்கப்பாதை, வால் நட்சத்திரம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

சாவுக்கு மட்டும் ஆதாரம் இருக்கு. காட்டுமன்னார்கோவில் பக்கத்துல உடையார்குடி அனந்தீசுவரர் கோயில்ல ராஜராஜனோட 2-ஆவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒண்ணு, கரிகாலனைக் கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன்னு அண்ணன் தம்பிங்க பேரைச் சொல்லி அவங்க, அவங்க சொந்தக்காரங்க நிலத்தையெல்லாம் எடுத்துக்கிட்டதைப் பத்திப் பேசுது. யாரு தூண்டிவிட்டாங்கங்கிறதுலதான் சண்டை. வரலாற்று ஆய்வாளர் நீலகண்ட சாஸ்திரி, சுந்தர சோழருக்கு அப்புறம் ராஜாவான உத்தம சோழன் பக்கம் கையைக் காட்டினார், குடவாயில் பாலசுப்ரமணியன் மாதிரி ஆய்வாளர்கள் அதே கல்வெட்டைப் படிச்சு அதை ஏத்துக்கல. பசங்களை ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போங்க, வீராணம் ஏரி பக்கத்துலயே இருக்கு. ஆடிப்பெருக்கு அன்னைக்கு வந்தியத்தேவன் குதிரையில வர்ற அந்த வீரநாராயண ஏரிதான் அது, கரிகாலன் செத்துப்போற கடம்பூரும் அந்தச் சுத்துவட்டாரத்துலதான். கொலையைப் பத்தின கல்லு எங்க இருக்கோ அதுக்குப் பக்கத்துலயே கொலையை நடத்திட்டார் கல்கி.

கேள்வி: நான் சைக்காலஜி படிக்கிறேன். கரிகாலனுக்கு பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனநலப் பாதிப்பு) இருந்துச்சுன்னு க்ளாஸ்ல ப்ரெசன்டேஷன் பண்ணினேன், சார் 'கதாபாத்திரத்துக்கெல்லாம் டயக்னோசிஸ் போடாதே'ன்னுட்டார். நீங்க என்ன சொல்றீங்க? — சென்னை

உங்க சார் சொன்னதுல பாதி சரி தம்பி. காகிதத்துல இருக்கிற ஆளுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்க முடியாது. ஆனா எழுத்தாளர் மனுஷங்களை எவ்வளவு கூர்மையா பாத்திருக்கார்னு காட்டுறதுக்கு அந்த வார்த்தைங்க உதவும், அதுக்கு யூஸ் பண்ணலாம்.

நீங்க ப்ரெசன்டேஷன்ல இதைச் சேத்திருந்தீங்கன்னா சாருக்கே பிடிச்சிருக்கும்னு நினைக்கிறேன். பிடிஎஸ்டிங்கிற பேரு அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேட்டுல ஏறினதே 1980-லதான், வியட்நாம் போர்ல இருந்து திரும்பி வந்தவங்க நிலைமையைப் பாத்துட்டு. கல்கி இந்தத் தொடரை எழுதினது 1950-ல இருந்து 1954 வரைக்கும். வாராவாரம் பத்திரிகைக்கு எழுதினவரு, மணியம் படம் வரைவாரு, வாசகர் லெட்டர் குவியும், அந்த அவசரத்துலயும் அவர் எழுதி வெச்சதைப் பாருங்க: திரும்பத் திரும்ப வர்ற ஒரு காட்சி, கூட்டத்துல இருக்கும்போதே திடீர்னு வேற எங்கேயோ போயிடுற பார்வை, சம்பந்தமே இல்லாத கோபம், ஆபத்துன்னு தெரிஞ்சே அதுக்குள்ள போறது. மலையமான் கடம்பூருக்குப் போகாதே போகாதேன்னு தலையால அடிச்சுக்கிறார், இவன் போறான்.

பிடிஎஸ்டியை விட இவனுக்குப் பொருத்தமா இன்னொண்ணு இருக்கு, மாரல் இஞ்சுரின்னு சொல்றாங்க. ஜொனாதன் ஷேன்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர், வியட்நாம் வீரர்களோட பல வருஷம் வேலை பாத்தவரு, 1990-கள்ல இதைப் பத்தி நிறைய எழுதினார், அவரும் ஒரு பழைய காவியத்துல வர்ற கோபக்கார வீரனை, கிரேக்க அக்கிலீஸை, பக்கத்துல வெச்சுக்கிட்டுதான் எழுதினார்ங்கிறதை சார்கிட்ட சொல்லுங்க! ஷே முக்கியமா பேசினது மேலதிகாரிங்க செய்யிற துரோகத்தைப் பத்தி. அவருக்கு அப்புறம் வந்தவங்க இன்னொரு பக்கத்தையும் சேத்துக்கிட்டாங்க, ஒருத்தன் தானே செஞ்ச காரியம் தன் மனசாட்சிக்கு ஒத்துக்காம உள்ளயே அறுத்துக்கிட்டு இருக்கிறது. பயந்தவனோட காயம் வேற, குற்ற உணர்ச்சியோட காயம் வேற. பயந்தவன் அந்த இடத்தை விட்டு ஓடணும்னு பாப்பான். குற்ற உணர்ச்சி உள்ளவன் தண்டனையைத் தேடிப் போவான், யாராவது என்னை அடிங்கடாங்கிற மாதிரி எதிர்ல இருக்கிறவனைச் சீண்டிக்கிட்டே இருப்பான். கடம்பூர்ல அவன் பேச்சு எல்லாம் எனக்கு அப்படித்தான் கேக்குது. சம்புவரையரை அவமானப்படுத்தி அவனுக்கு என்ன லாபம்? ஒரு லாபமும் இல்ல. ராஜ்யம் மதுராந்தகனுக்கே போகட்டும், நான் விட்டுக் கொடுக்கிறேன்னுகூட சொல்லிடுறான், அதாவது சண்டை பதவிக்காக இல்ல. அவனுக்குத் தேவை வெறுப்பு. தான் அதுக்குத் தகுதியானவன்னு நினைக்கிறான்.

கேள்வி: சரி, கடைசியா கரிகாலனைக் கொன்னது யாரு? எங்க வீட்டுல நாலு பேரு நாலு பதில் சொல்றோம். — தஞ்சாவூர்

நாலும் சரிதான் போங்க. விளக்கு அணைஞ்சு போச்சு, இருட்டு, அப்புறம் பாத்தா அவன் கிடக்கிறான். வந்தியத்தேவன் மேல பழி விழுது, சம்புவரையர் மகள் மணிமேகலை நான்தான் கொன்னேங்கிறா, பெரிய பழுவேட்டரையர் தன் கத்திதான்னு சொல்றார், ரவிதாஸன் கூட்டம் வேற சுத்திக்கிட்டு இருந்தது. கல்கி முடிச்சை அவிழ்க்கவே இல்ல.

ஆனா கத்தி யாரோடதுங்கிற கேள்வியை விட அதுக்கு முன்னாடி நடந்தது எனக்கு முக்கியமா படுது. நந்தினி உன் தங்கச்சின்னு குந்தவை சொல்லி அனுப்பின சேதியை வந்தியத்தேவன் வந்து சொல்லிடுறான் (அது முழுசா உண்மை இல்லங்கிறது அப்புறம்தான் தெரியுது, அது வேற கதை). யோசிச்சுப் பாருங்க, ஏற்கெனவே நொந்து போய் இருக்கிறவன், தான் ஆசைப்பட்டது தங்கச்சி மேல, தான் தள்ளிவிட்டது தங்கச்சியைன்னு ஆயிடுச்சு. அதோட அவன் அவ இருக்கிற அறைக்குள்ள போறான். அவ கையில வாள் இருக்குன்னு தெரியும். போய் என்ன பண்றான், என்னைக் கொன்னுடுங்கிறான். இத்தனை வருஷமா அந்த ஒரு நாளுக்காக உயிரோட இருந்தவளுக்குக் கை வர மாட்டேங்குது! ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தக் குடிசை வந்து நிக்குது.

அந்தக் காட்சியில அவன் பேச்சுல முள்ளே இருக்காது, கவனிச்சுப் பாருங்க. வேற யார்கிட்டயும் பேசாத மாதிரி பேசுவான். அதனால கொன்னது யாருன்னு உங்க வீட்டு நாலு பேரும் சண்டை போடுங்க, ஆனா அவன் உள்ள போகும்போதே திரும்பி வர்ற எண்ணத்தோட போகலங்கிறது என் கட்சி.

கேள்வி: படத்துல விக்ரம் பண்ணின கரிகாலனும் புக்ல வர்றவனும் ஒண்ணா? — சேலம்

சொந்தக்காரங்க, ஒரே ஆள் இல்ல. 2022, 2023-ல வந்த ரெண்டு படத்துலயும் வலியைக் கண்ணுல காட்டணும், அதுக்கு ஒரு குடிப்பாட்டு, ஒரு கத்தல் வேணும், விக்ரம் அதை நல்லாவே பண்ணியிருந்தார். ஆனா புக்ல அவன் நிறைய பேசுவான், சிரிப்பான், கேலி பண்ணுவான், அந்தச் சிரிப்புக்கு நடுவுலதான் உள்ள என்னமோ சரியில்லன்னு நமக்குத் தோணும். படத்துல அவனைப் பாத்ததும் பாவம்னு தெரிஞ்சுடுது, புக்ல அவனை வெறுக்கிறதுக்கு நமக்கு டைம் கிடைக்குது. எனக்கு ரெண்டாவது பிடிக்கும்.

கேள்வி: இவ்வளவு சிடுசிடு மூஞ்சிகிட்ட வந்தியத்தேவன் எப்படி வேலை பாத்தான்? நான் இருந்தா பேப்பர் போட்டுட்டு வந்திருப்பேன். — ஓசூர்

உங்க ஆபீஸ் கதை எழுத்துக்கு நடுவுல தெரியுது! வந்தியத்தேவனுக்கு ரோஷம் உண்டு, ஆனா சுருக்குனு எடுத்துக்க மாட்டான், எஜமானன் திட்டினா அது தன்னைப் பத்தி இல்லங்கிறது அவனுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. கரிகாலனும் ஆள் பாத்துதான் அனுப்பியிருக்கான். அப்பாவுக்கு ஒரு ஓலை, தங்கச்சிக்கு ஒரு ஓலை, ரெண்டையும் ஒரு வாயாடிப் பையன் கையில கொடுக்கிறான். அப்பாவுக்கு எழுதின ஓலையில என்ன இருக்கு? காஞ்சிக்கு வந்து நான் கட்டியிருக்கிற பொன் மாளிகையில தங்குங்கன்னு கூப்பிடுறான். எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுற பையன் உடம்பு முடியாத அப்பாவுக்குத் தங்கத்துல வீடு கட்டி வெச்சுக்கிட்டுக் காத்திருக்கான், வந்து இருங்கன்னு நேர்ல போய்ச் சொல்ல மட்டும் முடியல. (சுந்தர சோழரைக் கல்வெட்டுங்க 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'னு சொல்றதை வெச்சு கல்கி பின்னினது இது.) தஞ்சாவூர்ல நந்தினி இருக்கா, அங்க கால் வைக்க அவனால ஆகாது. இதையும் சேத்துப் பாத்தா சிடுசிடு மூஞ்சி கொஞ்சம் வேற மாதிரி தெரியும்.

கேள்வி: அக்கா, இது கதையைப் பத்தின கேள்வியான்னு தெரியல. எங்க அப்பா ராணுவத்துல இருந்து ரிடையர் ஆனவரு. எப்பவும் கோபம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி விட்டுடுவாரு, ராத்திரி தூங்க மாட்டாரு. எதைப் பத்தியும் பேச மாட்டாரு. கரிகாலன் பகுதியைப் படிக்கும்போது அவர் ஞாபகமாவே இருந்தது. அவரைப் புரிஞ்சுக்கணும்னா நாங்க எல்லாத்தையும் பொறுத்துக்கணுமா? — பேரும் ஊரும் வேண்டாம்

இல்லம்மா, பொறுத்துக்க வேண்டாம். இதைத்தான் முதல்ல சொல்லணும். ஏன் இப்படி இருக்காருன்னு தெரிஞ்சுக்கிறது ஒண்ணு, தட்டு பறக்கிறதைத் தாங்கிக்கிறது இன்னொண்ணு. அவர் மனசுல என்ன இருந்தாலும் உங்க அம்மா பயந்துக்கிட்டே சோறு போடணும்னு இல்ல. கை ஓங்குற அளவுக்குப் போனா கொஞ்சம்கூட யோசிக்காம வேற வீட்டுக்குப் போயிடுங்க, 181-க்குக் கூப்பிடுங்க, பெண்களுக்கான உதவி எண்.

அவர்கிட்ட 'என்னப்பா நடந்துச்சு அங்க'ன்னு நேரா கேக்காதீங்க, அதுக்குப் பதில் வராது, வந்தா கோபமாத்தான் வரும். தூக்கத்துல இருந்து ஆரம்பிங்க. 'உங்களுக்குத் தூக்கமே இல்லையேப்பா, ஒரு தடவை டாக்டரைப் பாக்கலாமா'ன்னு கேட்டா நிறைய ஆம்பளைங்க வந்துடுவாங்க, மனசுக்குன்னு சொன்னாத்தான் வர மாட்டாங்க. முன்னாள் ராணுவத்தினருக்கு ஈசிஎச்எஸ்னு மருத்துவத் திட்டம் இருக்கு, அவர்கிட்ட கார்டு இருந்தா அந்த பாலிக்ளினிக் மூலமா மனநல டாக்டரைப் பாக்கலாம், செலவைப் பத்தி யோசிக்க வேண்டாம். நீங்க முதல்ல பேசிப் பாக்கணும்னா 14416, டெலி மானஸ்னு மனநல உதவி எண், மத்திய அரசோடது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க. அவருக்காக மட்டும் இல்ல, உங்களுக்காகவும் கூப்பிடலாம்.

ஒரு விஷயம் மட்டும், அப்பாவைக் கரிகாலனாவே முழுசா பாத்துடாதீங்க. அவன் கதையை எழுதினவருக்கு அவன் என்ன நினைக்கிறான்னு தெரியும், உங்க அப்பா என்ன நினைக்கிறாருன்னு அவர் சொன்னாத்தான் தெரியும். அது வேற எதுவா வேணா இருக்கலாம், தைராய்டாகூட இருக்கலாம், டாக்டர் பாக்கட்டும். அப்புறம் என்ன ஆச்சுன்னு முடிஞ்சா எழுதுங்க, போட மாட்டோம், தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

கேள்வி: எங்க பையனுக்கு 13 வயசு. கரிகாலன் பகுதியெல்லாம் அந்த வயசுக்குக் கொடுக்கலாமா? — நாகர்கோவில்

தாராளமா கொடுங்க. முதல் பாகத்துல அவனுக்கு வந்தியத்தேவன் போதும், குதிரையோட கிளம்பிடுவான். கரிகாலன் வர்ற இடத்துல 'இவன் வில்லனா'ன்னு உங்ககிட்ட வந்து கேப்பான். பதில் சொல்லிடாதீங்க, அஞ்சாவது பாகம் வரைக்கும் படிக்கட்டும்.